தேடுசொல்

எட்டு ஆய்வுக் கட்டுரையாவது மேற்கோள் வேண்டும்,
விக்கியை ஒட்டிக்கொண்டு வராதே
என்று முன்மொழிவின் ஓரத்தில் எழுதியிருந்தார் மேற்பார்வையாளர்.
என்னிடம் இருந்தது ஒரே கேள்வி:
முப்பத்தொன்பதாம் ஆண்டு ஆடி மழையில்
ஊசிக்கல் தோட்டத்தில்
எத்தனை வீடு மண்ணுக்குள் போனது?

வளாகம் வேலைநிறுத்தத்தில் மூடிக் கிடந்தது.
தண்ணீர்த் தாங்கியின் சிமெந்துக் கட்டில்
இடது கோடியில் உட்கார்ந்தால் இரண்டு கோடு சிக்னல்,
நடுவில் ஒன்று,
வலது கோடியில் அட்டை.

ஊசிக்கல் என்று தட்டினேன்.
ராசிக்கல் வேண்டுமா என்று கேட்டது.

தோட்டத்துக்கு மூன்று பெயர்.
சம்பளத் துண்டில் க்ளென்டார்வி,
நில அளவைத் தாளில் இந்திகட்டுகல,
எங்கள் வாயில் ஊசிக்கல்.
பஸ் நடத்துநர் நான்காவதாக ஒன்று வைத்திருக்கிறார்,
அதை ஆய்வில் எழுத முடியாது.

க்ளென்டார்வி என்றதும் கொட்டியது.
கொப்புள நோய்ப் பூஞ்சணம் பற்றி நாற்பது கட்டுரை,
மண்ணின் புளிப்பு, சரிவில் ஓடும் நீரின் வேகம்,
ஓர் அந்துப்பூச்சியின் முழு ஆயுள்.
என் காலில் ஏறிய அட்டைக்குக்கூட லத்தீனில் இரண்டு பெயர்.
எங்களைத் தேடினேன்.
ஓர் அட்டவணையில் இருந்தோம்,
'தொழிற்படை' என்று,
உரத்துக்கும் லொறி வாடகைக்கும் இடையில்.

ஒரேயொரு கட்டுரை பொருந்தி வந்தது.
சுருக்கம் இலவசம்.
மீதிக்கு நாற்பத்திரண்டு டாலர்.
அன்றைய விலைக்குப் பெருக்கிப் பார்த்தேன்:
அம்மா மலையில் பத்துப் பேர் போட வேண்டும்,
நிறை குறைந்து அரைப்பேர் விழாமல்.
ஒரு நாள் கூலியை ஒரு பேர் என்று எண்ணும் ஊர் இது.
பத்துப் பேர் சேர்ந்து தள்ளினாலும்
அந்தக் கதவு அசையாது.

எழுதியவருக்கு மின்னஞ்சல் போட்டேன்.
ஓய்வு பெற்றுவிட்டார் என்று இயந்திரம் பதில் சொன்னது,
மிகப் பணிவாக.

மூன்றாம் நாள் ஹிமாஷி கண்டியிலிருந்து அனுப்பினாள்:
"மண்சரிவு, லேண்ட்ஸ்லைட் எல்லாம் இந்தக் காலத்துச் சொல்லடி.
துரைமார் அப்போது வாஷவே என்றுதான் எழுதினார்கள்.
அதைப் போட்டுப் பார்."

வாஷவே.
கழுவிக்கொண்டு போனதாம்.
அழுக்கைப் போல.

போட்டேன். வந்தது.
மண் பாதுகாப்புக் காலாண்டிதழ் ஒன்று,
கோணலாக ஸ்கேன் செய்தது,
பக்க ஓரத்தில் யாரோ ஒருவரின் பெருவிரல்.
எண்பத்து மூன்று சதவீதத்தில் நின்றது.
மூடுபனி விலகும்வரை போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தேன்.
நூற்றுப் பதினெட்டாம் பக்கம், அடிக்குறிப்பு:
ஏழாம் நம்பர் மலையில் தேயிலை நாலேகால் ஏக்கர்.
பாலம் ஒன்று.
லயம் ஒன்று.

தேயிலைக்குக் கால் ஏக்கர்வரை கணக்கு இருக்கிறது.

மறுநாள் தம்பி யதுர்ஷனையும்
அக்காவின் தையல் நாடாவையும் கூட்டிக்கொண்டு
ஏழாம் நம்பருக்கு ஏறினேன்.
கவ்வாத்து வெட்டிய செடிகளுக்குள் அத்திவாரக் கல் தெரிந்தது.
நீளம் நூற்றிருபது அடி.
காம்பராவுக்குப் பத்தடி என்றால் பன்னிரண்டு கதவு.
அகலத்தை அளக்க முடியவில்லை,
மறுபாதி மண்ணுக்குள்.
ஒற்றை லயமா, முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயமா?
பன்னிரண்டு அல்லது இருபத்துநான்கு
என்று எழுதினேன்.
"மூலம்?" என்று வரும், தெரியும்.
மூலம்: தையல் நாடா, வைகாசி பதினொன்று, மழை இல்லை.

நேற்று ஆய்வேட்டைப் பதிவேற்றினேன்.
தேடுசொற்கள் ஐந்துக்கு மேல் கூடாது என்றது படிவம்.
ஊசிக்கல்
க்ளென்டார்வி
இந்திகட்டுகல
மண்சரிவு
வாஷவே

எந்தப் பெயரைத் தட்டி வந்தாலும் வந்துவிடலாம் இனி,
பூட்டு இல்லை, டாலர் இல்லை.
ஆறாவதாக ஒன்று தட்டிப் பார்த்தேன்.
கட்டம் சிவந்தது.