வளைச்சதுக்குக் கூலி

குருநகரில இருந்து சைக்கிள் கரியரில கட்டி
மேல மீன்சாக்குப் போட்டு மூடி
எமிலியானுஸ் கொண்டுவந்த றேடியோ.
திறக்க முதலே கருவாடு மணந்தது.

குமிழைத் திருப்பினால்
முள்ளு யோசிச்சுப்போட்டுத்தான் நகருது.
டயல் கயிறு இருக்கவேண்டிய இடத்தில தங்கூசி.
"அப்ப வேற என்ன கிடைச்சது, தங்கச்சி?
பற்றறியே ஒளிச்சு வந்த காலம்."
நான் ஒண்டும் கேக்கேல்ல.
தங்கூசி இழுபடும், கப்பியில வழுக்கும்.
மீனுக்குப் பரவாயில்லை.
பருத்திக் கயிறு மூண்டு சுத்து, புது ஸ்பிரிங்.
முள்ளு இப்ப சொல்வழி கேக்குது.

ஆனால் எண்ணூறுக்கும் தொள்ளாயிரத்துக்கும் இடையில
தகரத்தில மணல் உரசின மாதிரி ஒரு சத்தம்.
காங் கொண்டன்சரில மீற்றரை வைச்சு
மெல்ல மெல்லத் திருப்பினன்.
ஓரிடத்தில ஊசி துள்ளிச்சு.
தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில
காத்து மட்டும்தான் இருக்கோணும்,
அங்க உப்பு வெள்ளையாய்ப் பூத்துக் கிடந்தது.
பக்கத்து நகைக்கடையில சாமணம் இரவல்,
ஸ்பிரிட்டில தோய்ச்ச கடுதாசி,
போய் வந்து, போய் வந்து,
அரை நாள்.

சத்தம் போச்சு.
ஸ்டேசன் ஒண்டும் தன்ர இலக்கத்தில இல்லை.

பிறகுதான் கண்டன்:
கடைசித் தகடு அடிமட்டம் வைச்ச மாதிரி நேர்.
அதில நாலு கீறு வெட்டி ஐஞ்சு துண்டாய் விட்டது
ஒவ்வொண்டையும் கொஞ்சம் கொஞ்சம் கோணலாக்கத்தானே.
பெட்டி செய்தவன் காதால கேட்டு வளைச்ச கோணல்.

"ஆர் இதைத் தொட்டது?"
"றெஜினா. கோணிக் கிடக்கெண்டு
சவர பிளேட்டால நிமித்திவிட்டவள்.
அவளுக்கு மேசைவிரிப்பும் கோணக் கூடாது."
கொஞ்ச நேரம் பேசாமல் நிண்டார்.
"முப்பது வரியமாய் நான் பெட்டியையெல்லோ ஏசினனான்."

ஒரு துண்டை வளை, கேள்.
மற்றதை வளை, கேள்.
கூடிப்போச்சு, திருப்பி எடு.
அலுமினியத்துக்குப் பொறுமை குறைவு,
மூண்டாந்தரம் கேட்டால் ஒடிஞ்சுபோடும்.
நாலு துண்டு வழிக்கு வந்தது.
ஐஞ்சாவதில ஒரு விசில் மிஞ்சிச்சு,
டயலின்ர கீழ்நுனியில.
விட்டிட்டன்.

பில் எழுதினன்:
கயிறு. துப்புரவு.
தகடு வளைச்சது, ஆயிரம்.

கண்ணாடியை நெத்தியில ஏத்திப்போட்டு வாசிச்சார்.
"நிமித்தத்தான் காசு கேப்பினம்.
வளைக்கவுமோ?"

உள்ளுக்க, சரியான இலக்கத்தில,
ஒரு பொம்பிளை கடற்காத்தின்ர வேகம்
வாசிச்சுக்கொண்டிருந்தா.
அது முடியுமட்டும் கேட்டிட்டு
காசை எண்ணி வைச்சார்,
இருநூறு குறைச்சு.