அந்தப் பக்கத்துக் காற்று

துறைமுகத்தில் ஏழாம் எண் கூண்டு ஏற்றியாயிற்று.
மதியமே பள்ளிக்கூடங்களை விட்டுவிட்டார்கள்.
மஞ்சக்குப்பத்தில் மெழுகுவத்தி ஒன்று பத்து ரூபாய்,
பேரமெல்லாம் நாளைக்கு வாங்க என்கிறான்.

குடும்ப அட்டை, வீட்டுப் பத்திரம், பிள்ளைகளின் மதிப்பெண் சான்று
எல்லாம் ஒரு ஜவுளிக்கடைப் பையில்,
அந்தப் பை இன்னொரு பையில்,
அதற்கு மேல் ரப்பர் பாண்டு.
இரண்டாம் சுற்று சுற்றும்போதுதான்
கல்வராயன் மலை ஞாபகம் வந்தது.

வைகாசியில் போனோம்.
கூட்டுறவுச் சங்கத்தில் எட்டுப் பேர், தேசிங்குவின் வேன்.
'மலைவாழ் மக்களின் தொன்மைப் பண்பாட்டை நேரில் காணல்,
தலைக்கு ஆயிரத்து இருநூறு, உணவு உட்பட'
என்று சுற்றறிக்கையே விட்டிருந்தார் கலியமூர்த்தி சார்.
பண்ருட்டியில் ஒரு பலாப்பழம் வாங்கினோம்.
தானேயில் சாய்ந்து மறுபடி நட்ட மரத்தின் முதல் பழமாம்.
எல்லாக் கடையிலும் அப்படித்தான் சொல்கிறார்கள்.
உளுந்தூர்ப்பேட்டையில் பஞ்சர்.
கச்சிராயபாளையம் தாண்டி, நான்காவது வளைவில்
அஞ்சலாட்சி வாந்தியெடுத்தாள்,
சோனாங்குப்பத்து விசைப்படகுக்காரர் மகள்.

சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார்கள்.
இருட்டியதும் மத்தளம் வந்தது.
சலங்கை கட்டிய கால்கள் வட்டமாய்ச் சுற்ற
நாங்கள் செல்போன்களை உயர்த்தினோம்.
ஒரு பையன் மட்டும் சிமெண்ட் கம்பெனி டீ-ஷர்ட்டில் ஆடினான்.
அவன் விழாமல் படமெடுக்க
எல்லோரும் கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்துகொண்டோம்.

ஆட்டம் நின்றது.
சோறு போட்ட வெள்ளச்சி முந்தானையில் கை துடைத்தபடி
"சரி, இப்ப நீங்க ஆடுங்க" என்றாள்.
நாங்களா?
"கடக்கரைக்காரங்க எப்பிடி ஆடுவாங்கன்னு
நாங்க பாக்க வேணாமா?"

தணிக்கை வந்த நாளில்கூட அப்படி விழித்ததில்லை.
கலியமூர்த்தி சார் தொண்டையைக் கனைத்தார்,
கனைப்போடு சரி.

அஞ்சலாட்சிதான் எழுந்தாள்.
"புயல் வந்தா என்ன செய்வோம்னு காட்டட்டுமா?"

புடவையை இழுத்துச் செருகினாள்.
இல்லாத கூரைமேல் ஏறி
இல்லாத டயரை வைத்து, "பிடி!" என்றாள்.
என் கை தானாகப் போய்க் கயிற்றைப் பிடித்தது.
முடிச்சும் போட்டது.
சலீமா குடம் குடமாகத் தண்ணீர் நிரப்பினாள்.
தேசிங்கு மரத்தடியிலிருந்து வேனைத் தள்ளினான்.
ஓய்வுபெற இரண்டு வருஷம் இருக்கும் கலியமூர்த்தி சார்
முறிந்த வேம்பின் அடியிலிருந்து
தன் பழைய ஸ்கூட்டரை இழுத்தார், இழுத்தார்,
கண்ணில் தண்ணீர் வந்தும் விடவில்லை.
யாரும் ஒத்திகை பார்க்கவில்லை,
ஒருவருக்கும் அடி தப்பவில்லை.
மத்தளக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
அதற்கொரு தாளம் பிடித்துக்கொண்டார்.

பிறகு அஞ்சலாட்சி ஒரு விரலை உயர்த்தினாள்.
அப்படியே உட்கார்ந்துவிட்டோம். மத்தளமும் நின்றது.
"முடிஞ்சுதா?" என்றாள் வெள்ளச்சி.
"இல்ல. இது நடுவுல வர்ற அமைதி.
இனிமேதான் அந்தப் பக்கத்துக் காத்து."

யாரும் கைதட்டவில்லை.
குழந்தைகள் அம்மாக்கள் பக்கம் நகர்ந்தார்கள்.
டீ-ஷர்ட் பையன் முழுவதையும் படமெடுத்திருந்தான்,
கலியமூர்த்தி சாரின் அழுகை உட்பட.

இப்போது மணி ஒன்பதரை. கரண்ட் போய் மூன்று மணி நேரம்.
கெடிலத்துப் பக்கம் எதுவோ முறிகிற சத்தம்,
தென்னையா, மின்கம்பமா, தெரியவில்லை.
போன் அடிக்கிறது.
"டிவியில கடலூர்ங்கிறான். கயிறு கட்டிட்டீங்களா?"
கட்டியாச்சு.
"அந்தம்மா டயரு?"
வச்சிருப்பா. அவ மறக்க மாட்டா.
அப்புறம் அவள் பேசவில்லை, நானும் பேசவில்லை.
அவள் பக்கத்தில் ஒரு நாய் குரைத்தது.
சார்ஜ் பதினெட்டு சதவீதம்.

சட்டென்று இங்கே எல்லாம் அடங்கியது.
கொடியில் மறந்துபோன துண்டுகூட அசையவில்லை.

"என்ன, சத்தத்தையே காணோம்?" என்றாள் வெள்ளச்சி.
பிறகு அவளே, மெதுவாக,
"ஓ, அதா."