வாசல் தகடு

ரியேக்காவில் மலை முடிகிற இடத்திலேயே
கடல் தொடங்கிவிடுகிறது.
நடுவே மிஞ்சிய சரிவில்
ஓர் ஆய்வகம் கட்டித் தரச் சொன்னார்கள்.

"அணுவைப் பார்க்க வேண்டும்" என்றார் தீஹோமிர்.
அவருடைய நுண்ணோக்கிக்கு
அடுத்த தெருவில் லாரி ஏறினாலும் பூகம்பம்.
யாராவது தும்மினால்கூட என்று சேர்த்தார்,
சிரிக்கவில்லை.

மனிதர்களுக்கு மேல்தளம், ஜன்னல் நிறையக் கடல்.
கருவிக்கு வெளிச்சம் ஆகாது.
ஆகவே கட்டடத்துக்குள் இன்னொரு கட்டடம்:
பாறையைக் குடைந்து
இருநூறு டன் கான்கிரீட் பாளம்,
அடியில் காற்றுத் தலையணைகள்,
சுற்றிலும் இரண்டு விரல் இடைவெளி.
அந்த ஒன்றுமில்லாததை வரையத்தான்
எட்டு மாதம் ஆனது.

படிக்கட்டை மட்டும் எனக்காக வரைந்தேன்.
கூரையிலிருந்து எஃகுக் கம்பிகளில் தொங்கும்,
தரையைத் தொடாது.
பத்திரிகைக்காரர்கள் அதைத்தான் படம் எடுத்தார்கள்.

பிப்ரவரியில் பூரா வந்தது.
மலைக்காற்று.
வீசாது, விழும்.
துறைமுகத்தில் கிரேன்களைக் கட்டிப்போட்டார்கள்.
திரையில் தங்க அணுக்கள் வரிசை கலைந்து
நனைந்த துணி போல் நெளிந்தன.

என் படிக்கட்டு முனகுகிறதாம்.
ஒப்புக்கொண்டேன்.
ஆனால் முனகல் பாளத்துக்கு எப்படிப் போகும்?
இடைவெளி இருக்கிறதே!
அதிர்வுமானியோடு மூன்று நாள் தவழ்ந்தேன்,
முழங்கால் தேய.

நான்காம் நாள், வாசலில்
ஒரு தகடு.
நான் வரையாதது.
அந்தப் பக்கம் இரண்டு திருகு, இந்தப் பக்கம் இரண்டு.
விளிம்பை யாரோ பொறுமையாக அரம் போட்டு
வழவழப்பாக்கியிருந்தார்கள்.

நைட்ரஜன் உருளை தள்ளிவரும் ஷிமே.
"சக்கரம் பள்ளத்துல மாட்டுது.
வாரத்துக்கு மூணு தடவை.
யார்கிட்ட சொல்றது?"

காற்றைக் கேட்டிருந்தேன், பாறையைக் கேட்டிருந்தேன்.
நகரசபை இன்னும் போடாத டிராம் பாதையைக்கூடக்
கணக்கில் வைத்திருந்தேன்.
சக்கரத்தைக் கேட்கவில்லை.

திருகுகளை நானே கழற்றினேன்.
புதுத் தகட்டுக்கு ஒரு பக்கம்தான் பற்று.
மறுமுனை பாளத்துக்கு மேலே
நகக்கனம் விலகி நிற்கும்.
உருளை ஏறும்போது வளைந்து, தொட்டு,
பிறகு விட்டுவிடும்.

செவ்வாய், வியாழன், சனி, காலை பத்தேகால்.
தீஹோமிர் அப்போது
காபி குடிக்க வெளியே வருகிறார்.
தகட்டை யாரும் படம் எடுக்கவில்லை.
ஷிமே மட்டும் ஒருமுறை
காலால் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.