ஒரு சொல்லா, இரண்டு சொல்லா

லெர்விக்கில் செவ்வாய் மாலைக்குள்
இறப்பு அறிவிப்புகள் வந்து சேர வேண்டும்.
சொல்லுக்கு நாற்பது பென்ஸ்.
இணைப்புக்கோடு போட்டால் இரண்டு சொல் ஒன்றாகும்.
காசு மிச்சம் என்று போடுவார்கள்,
இலக்கணத்துக்காக இல்லை.

ராபினா இஸ்பிஸ்டர் போடவில்லை.
ஈரத்தில் நெளிந்த உறையின் பின்புறம்
பென்சிலால் எழுதியிருந்தாள்:
'மச் லவ்ட்' கணவர், கிப்பி.
இந்தத் தீவில் யார் செத்தாலும் அப்படித்தான்,
மிகவும் நேசிக்கப்பட்டவர்.

பெயருக்கு முன்னால் நின்று வர்ணிக்கும் இரு சொற்களைக்
கோத்துக் கட்டு என்பது எங்கள் மேசை விதி.
கட்டினேன்.
பன்னிரண்டு ஆண்டுகளாக
இங்கே இறந்தவர்களையெல்லாம்
ஒரு சிறு கோட்டால் தைத்து அனுப்பியவள் நான்.

மெய்ப்புத்தாளோடு வந்து நின்றாள்.
தலைமுடி முழுக்க மழை,
இந்தக் காற்றுக்குக் குடை தாங்காது.
"ஓஸ்லா, இது என்ன நடுவிலே, மீன்முள் மாதிரி?"

சொன்னேன்: கோடு இல்லாவிட்டால்
'மச்' எதனோடு சேரும் என்று
படிக்கிறவர் தடுமாறுவார்.

"தடுமாறட்டும்.
நாற்பத்தொரு வருஷத்தில்
அவன் கரையில் இருந்ததைக் கூட்டினால்
ஒன்பது தேறும்.
மிச்சமெல்லாம் நடுவில் தண்ணீர்.
'மச்' இந்தக் கரை, 'லவ்ட்' அந்தக் கரை.
அங்கே போய்ப் பலகை போட்டு வைத்திருக்கிறாயே."

நாற்பது பென்ஸை எண்ணி மேசையில் வைத்தாள்,
கோட்டைப் பிடுங்கும் கூலி.

விதிக்கும் ஒரு பின்வாசல் உண்டு:
முன்னால் நின்றால் கைகோத்து நிற்க வேண்டும்;
பெயருக்குப் பின்னால் வந்தால்
தனித்தனியே நடக்கலாம்.
இரண்டையும் தூக்கி
கிப்பியைத் தாண்டி இறக்கினேன்.
கிப்பி, ராபினாவின் கணவர், மச் லவ்ட்.

இடைவெளியில் சுண்டுவிரல் வைத்து
அகலம் பார்த்தாள்,
துணிக்கடையில் பார்ப்பதுபோல.

நேசிக்கப்பட்டவர் என்றால் நேசித்தது யார்,
அதையும் போடலாமே என்றேன்.
"அதற்கு இன்னும் இரண்டு சொல். எண்பது பென்ஸ்,"
என்றாள், சிரிக்காமல்.
ஈரச்செருப்பின் தடம்
படி வரைக்கும் போயிற்று.

வெள்ளிக்கிழமைத் தாளில்
பத்தியின் விளிம்பு தன் பங்குக்கு
'மச்'சை வரியின் கடைசியில் விட்டுவிட்டு
'லவ்ட்'டை அடுத்த வரிக்கு இறக்கியிருந்தது.
நாள் முழுக்கத் தொலைபேசியைப் பார்த்தபடி இருந்தேன்.
அழைக்கவில்லை.
ஆறு பிரதி வாங்கிப் போனாளாம்,
கடைக்காரர் சொன்னார்.

அடுத்த வாரம் ஸ்கலோவேயிலிருந்து ஒருவர்
பழைய வால்வோ விற்கிறார்:
'மச் லவ்ட்' கார், ஒரே உரிமையாளர்,
கதவோரம் சிறிது துரு.
யோசிக்கவே இல்லை. கோடு போட்டேன்.
ஒரு சொல் என்று கணக்கெழுதினேன்.