மூன்றரைக் குதிரை

கருமத்தம்பட்டி நூற்பாலையில்
காற்றுக்கு ஈரம் ஏற்றுவது என் வேலை.
உலர்ந்தால் நூல் அறும்.
நனைந்தால் உருளையில் சுற்றிக்கொள்ளும்.
நூற்றில் ஐம்பத்தைந்து பங்கு ஈரம்:
எட்டு மணிநேரம்
அந்த முள்ளை நகரவிடாமல் நிற்பேன்.

அப்படிப்பட்ட நான்தான்
எஸ்டீமின் கறுப்புக் காற்றுப்பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு
சிவப்புக் கூம்பு ஃபில்டர் ஒன்றை மாட்டினேன்.
காந்திபுரத்தில் நாலாயிரத்து இருநூறு சொன்னார்கள்,
மூவாயிரத்து எழுநூறுக்குப் படிந்தது.
கம்பெனிக்காரன் சன்னல் வைத்திருந்தான்.
நான் சுவரையே எடுத்துவிட்டேன்.

என்ன சத்தம்!
அவிநாசி ரோட்டில் மூன்றாம் கியரில் மிதித்தால்
பனியன் லோடு வண்டி ஒதுங்கி வழிவிட்டது.
"பங்காளி, பறக்குதப்பா" என்றான் சென்னியப்பன்.
எனக்கும் பறந்த மாதிரிதான் இருந்தது.
காது சொன்னதைக் கால் நம்பியது.

பீளமேட்டில் ஒரு தகரக் கொட்டகை.
உருளைமேல் சக்கரத்தை ஏற்றிப்
பட்டை போட்டு இறுக்கினாள் தமயந்தி.
மூன்று முறை முழுக்க மிதித்தாள்.
திரையில் புதிய கோடு ஏறியது, தயங்கியது,
பழைய கோட்டுக்குக் கீழேயே நடந்துபோனது.
"சத்தம் ஏறியிருக்குங்ணா.
சக்தி எறங்கியிருக்கு.
மூணரைக் குதிரையக் காணோம்."

கூம்பைத் தொடச் சொன்னாள். சுட்டது.
ரேடியேட்டர் விட்ட பெருமூச்சைத்தான்
இன்ஜின் திரும்ப வாங்கிக் குடித்திருக்கிறது.
வெந்த காற்றுக்கு உடம்புதான் பெரிது,
உள்ளே சரக்கு இல்லை.
அறுபத்தெட்டு டிகிரி.
இருபது வருடமாகக்
காற்றைக் குளிரவைத்துச் சம்பளம் வாங்குகிறவன்
அவள் முகத்தைப் பார்க்காமல்
அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அலுமினியத் தகட்டில் ஒரு தடுப்பு.
இடது விளக்குக்குப் பின்னால் வளையும் ஒரு குழாய்,
மில்லில் கழித்துப் போட்டது, கேட்டுத்தான் எடுத்தேன்.
அதன் வாயைச் சாலைக்கு நேரே திறந்துவைத்தேன்.
ஆனி மாதம்.
பாலக்காட்டுக் கணவாய்க் காற்று
லாரித் தார்ப்பாயைக் கிழிக்கிற மாதம்.
அதற்கு எதிர்முகமாக வாளையாறு வரை ஓட்டினேன்.
ஐயாயிரம் சுற்றுக்கு மேலே
யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளினார்கள்.

மறுபடி உருளை.
தொலைந்த மூன்றரை திரும்பியிருந்தது,
கூடவே ஒன்றரை.
தமயந்தி மட்டும் கோட்டின் இடது ஓரத்தில் விரல்வைத்தாள்.
இரண்டாயிரத்துப் பக்கம் ஒரு பள்ளம்.
"அது சும்மா பெட்டி இல்லைங்ணா.
மெதுவாப் போறப்ப மூச்சச் சேத்து வெக்கிற எடம்."

பள்ளத்தை மருதமலை ஏற்றத்தில் பார்த்தேன்.
பின்சீட்டில் மாமனார், மாமியார், ஒரு கூடைத் தேங்காய்.
இரண்டாவது வளைவில் வண்டி முக்கியது.
குதிரைகள் மேலே இருக்கின்றன,
கூப்பிட்டால் கீழே வர மாட்டேன் என்கின்றன.
மினி பஸ் ஒன்று பாட்டுப் போட்டுக்கொண்டே முந்தியது.

அப்புறம் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணம்.
தென்னைநார் மில்களைத் தாண்டிப் போய்வந்து கழற்றினால்
கூம்பில் சிவப்பு இல்லை, செம்மறி நிறம்.
உள்ளே எவ்வளவு போயிருக்கும்?
அதற்கு யாரும் கோடு போட்டுக் காட்டவில்லை.

பெட்டியை எறிந்தேன் என்றேனே,
கொல்லைக்குத்தான் எறிந்தேன்.
தேடிப் போனால்
அடிப்பாதியில் வைக்கோல் பரப்பி
கோகிலவாணி கோழியை அடைக்கு வைத்திருக்கிறாள்.
"குஞ்சு பொரிக்கிற வரைக்கும் கைவைக்கக் கூடாது."
முட்டைக்கு எவ்வளவு ஈரம் வேண்டுமென்று விசாரித்தேன்.
ஐம்பத்தைந்தாம்.

இன்னும் பதின்மூன்று நாள்
வண்டி கத்திக்கொண்டுதான் போகும்.
ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் கோழி
ஒரு கண்ணைத் திறந்து பார்க்கிறது.