தெரியாது என்றால் ஒன்பது

ஷூ கம்பெனி வேன்கள்
ஏழு மணிக்கே பேரணாம்பட்டுச் சாலையைக் காலி செய்துவிடும்.
நான் ஒன்பதே முக்காலுக்கு வருவேன்
பையில் இருபத்து நான்கு படங்களோடு,
மூன்று பிளாஸ்டிக் டப்பாக்களோடு.

அம்மா என்றால் ஒன்று. அப்பா இரண்டு.
ரெண்டு பேரும் என்றால் மூன்று.
தெரியாது என்றால் ஒன்பது.
நாலிலிருந்து எட்டு வரை ஆளில்லை.

பிள்ளைக்குப் பதினைந்து நிமிஷம்,
படிவத்துக்கு அறுபது ரூபாய்.
முகத்தில் எதையும் காட்டக்கூடாது என்று
வேலூரில் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள்.
"சபாஷ்" சொல்லக்கூடாது.
"அப்படியா" சொல்லலாம்.

அங்கன்வாடியில் பூங்காவனம் முட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.
ஓடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

முதல் படம்: அடுப்பெதிரே ஒரு பெண்,
கலையாத கொசுவம், தலை நிறையப் பூ.
இது யாரு?
முபஷிரா ரொம்ப நேரம் பார்த்தாள்.
"கல்யாணத்துக்கு வந்தவங்க."
அம்மா மாதிரி இல்ல?
"அம்மாக்கு நீலக் கோட்டு. பசை வாசனை வரும்."
படத்தில் வாசனை வரையவில்லை.

லோகித்துக்கு அவசரம்.
சோறு வடிக்கும் படத்தை
நான் கேட்டு முடிக்குமுன்னே
அம்மா டப்பாவில் போட்டான்.
ஒன்று.

காலைல யாரு சோறு ஆக்கனது?
(இது படிவத்தில் இல்லாத கேள்வி.
கேட்டிருக்கக்கூடாது.)
"அப்பா."
நேத்து?
"அப்பாதான்."
அப்போ இது?
ஆன்ட்டிக்கு ஒண்ணும் புரியலையே என்று
இரக்கப்பட்டதுபோல் இருந்தது அவன் முகம்.
"அப்பா ஆக்கறது சமையல் இல்ல.
அம்மா இல்லாதப்ப ஆக்கறது."

அப்படியா, என்றேன்.
ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன்.
ஓரம் ஒரு விரல்கூட அகலமில்லை.
சூப்பர்வைசர் சனிக்கிழமை அதை அழித்துவிட்டு
ரப்பர் தூளை ஊதினார்.

பிறகு ஜெர்லின், ஐந்து வயது.
அழுகிற குழந்தையின் படம்.
பாப்பா அழுதா யாரு தூக்கணும்?
"நானு."
அம்மாவா, அப்பாவா?
"நானு."
மூன்று டப்பாவையும் முன்னால் தள்ளினேன்.
ஒவ்வொன்றாய் எட்டிப் பார்த்தாள்,
படத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.
நீதான் இங்க இருக்கியே, இப்ப அவன் அழுதா?
"அழுதுக்கினே கெடப்பான்."
அதைச் சொல்லும்போது
அவள் கால் ஆடிக்கொண்டிருந்தது, தொட்டில் ஆட்டுகிற மாதிரி.

பேனா கொஞ்சம் நின்றது.
ஒன்பது போட்டேன்.

பதினைந்து நாள் கழித்து
அதே பிள்ளைகள், அதே படங்கள்:
அளவுகோல் நிலையானதா என்று பார்க்க.
லோகித் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டான்,
"அன்னிக்கு சொன்னது தப்பா?"
இல்லடா.
"அப்புறம் இன்னாத்துக்கு மறுபடியும் கேக்கற?"

அம்மா டப்பாமேல் படத்தை நீட்டி
என் முகத்தைப் பார்த்தான்.
அப்பா டப்பாமேல் நீட்டி
என் முகத்தைப் பார்த்தான்.
சுவர் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.
அப்பா டப்பாவில் போட்டுவிட்டு
கையை டிரவுசரில் துடைத்துக்கொண்டான்.
அவன் வீட்டில் எதுவும் மாறியிருக்காது.
சுவரில் எதைப் படித்தானோ.

ஆறரைக்குப் பஸ் ஸ்டாப்பில்
வேன் வந்து நின்றது. நீலக் கோட்டுகள் இறங்கின.
டி.வி.எஸ். வண்டியோடு காத்திருந்த ஒருவர்
ஒரு கோட்டிடமிருந்து டிபன் பையை வாங்கி மாட்டினார்.
பின்சீட்டில் லோகித்.
என்னைக் காட்டி ஏதோ சொன்னான்.

அவர் கிட்டே வந்தார்.
இடது கையில் சுட்ட தழும்பு, புதுசு.
"மேடம், நான் ஆக்கறத
எழுதிட்டீங்களா?"

எழுதியிருக்க வேண்டும் என்றா,
எழுதியிருக்கக்கூடாது என்றா,
வேன் திரும்புகிற சத்தத்தில் அந்தக் குரலைப்
பிரிக்க முடியவில்லை.

அப்படியா, என்று வாயில் வந்தது.
குடியாத்தம் பஸ் அதற்குள் வந்துவிட்டது.