லின் மேடத்துக்கு லீவு

சேதராப்பட்டு கம்பெனிக்கு
மிஷின் மாட்ட வந்தவர் லின்.
ஏழு வாரம் கழித்து ஒரு ஞாயிறு கிடைத்தது.
கடற்கரை வேண்டாம் என்றார்.
சனம் நெரிகிற இடமாகக் காட்டு.
கோரிமேடு இறக்கம் முழுக்க
என் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

காந்தி வீதி சந்தை.
நைட்டி, பெல்ட், ஜீன்ஸ் குவியலுக்குள்
பூந்து பூந்து போனவர்
காஜா பாயின் தார்ப்பாயில்
ஒரு டார்ச்சை எடுத்தார்.
திருப்பினார்.
அப்படியே நின்றுவிட்டார்.

நாலு வருசமாய் விற்கிற பாய்
அந்தப் பொடி எழுத்தை
ஏதோ டிசைன் என்றே நினைத்திருக்கிறார்.
"யீவூ" என்றார் லின், நெஞ்சில் தட்டிக்கொண்டு.
அவர் ஊராம்.

அவ்வளவுதான்.
கொசு பேட், பிளாஸ்க், நகவெட்டி, வாலாட்டும் நாய்க்குட்டி
ஆளாளுக்குக் கொண்டுவந்து நீட்டினார்கள்.
அவர் வாசிக்க, என் போன் தமிழில் சொன்னது:
வாயில் வைக்காதே.
வெயிலில் வைக்காதே.
ஈரக் கையால் தொடாதே.
"எங்க மாமியாரு எழுதினதா இது?"
உள்பாவாடை விற்கிற தவமணி கேட்டாள்.
போன் அதையும் சீனத்தில் சொல்லிவிட்டது.
லின் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

"அங்க இது என்ன வெலன்னு கேளுப்பா."
கேட்டேன். விரலைக் காட்டினார்.
"மடக்கச் சொல்லு, மடக்கச் சொல்லு"
என்றார் பாய், சுற்றுமுற்றும் பார்த்து.

நூற்றைம்பது. பேரமே பேசவில்லை.

திரும்பும்போது மணி நாலுதான்,
வெயில் இன்னும் முதுகில் இருந்தது.
என் தோளுக்கு மேல் நீட்டி
டார்ச்சை எரியவிட்டபடியே வந்தார்.
கோரிமேட்டில் டிராபிக் போலீஸ்காரர்
ஹெட்லைட்டை அணை என்று
எனக்குக் கை காட்டினார்.